வன்னிச் சோறும் யாழ்ப்பாணப் பெயர்ப்பலகையும்

ஏ9 வீதியிலே வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பயணஞ் செய்யும் ஒருவர் வழிநெடுகக் காணும் உணவகங்களைப் பெரும்பாலும் இருவகைப்படுத்தலாம். முதலாம் வகையின் பலகையிலே பிறைட் றைஸ், சொப்சி, நாசிகொறெங், கொத்துரொட்டி என்னும் பெயர்கள் மின்னும். இரண்டாம் வகையின் பலகையிலே 'அசல் யாழ்ப்பாணச் சமையல்' என்று எழுதப்பட்டிருக்கும். முதலாவதைக் கண்டு கற்றோர் முகஞ்சுளிப்பர். 'பண்பாட்டுச் சீரழிவு' என்னுஞ் சொற்றொடர் அவர்தம் நாவிலே எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். இரண்டாவதைக் கண்டதும் வாகனத்தை நிறுத்துவர். அச்சுளிப்பும் தவறு, அம்மகிழ்ச்சியும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். முன்னையது உழைத்துண்ணும் வறியவர் மீது காட்டப்படும் அலட்சியம். பின்னையது ஒரு பிரதேசத்தின் விளைவை இன்னொரு பிரதேசத்தின் பெயரால் விற்பதற்கு நாம் வழங்கும் ஒப்புதல்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இதன் மிகப்பெரிய உதாரணத்தை அமெரிக்காவிலே காணலாம். அங்கே ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் சீன உணவுக்கடை உண்டு. கடதாசிப் பெட்டியிலே உணவைக் கட்டி வாங்கிச் செல்வதே வழக்கம். அந்தப் பெட்டி சீனத்திலிருந்து வந்ததன்று. சிப்பி கொண்டு செல்வதற்கென 1894 இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்ற பெட்டி அது. உணவின் முடிவிலே வழங்கப்படும், சீட்டு அடங்கிய அதிர்ஷ்ட பிஸ்கற்றின் மூலம் யப்பான். 'ஜெனரல் ஸோ கோழி' என்று புகழ்பெற்ற இனிப்புக் கோழிப் பொரியலின் மூலவடிவத்தை ஆக்கியவர் ஹுனான் மாகாணத்திற் பிறந்து, 1949 இன் பின் தாய்வானிலே வாழ்ந்த பெங் சாங்குவேய் என்னும் சமையற்கலைஞர். அமெரிக்கர் 'ஹுனான் உணவு' என்று உண்ட இதனை ஹுனானிலே பலர் அறியார். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி 'இது போலி' என்று நகைப்பது எளிது. அவ்வாறு நகைப்போர் அங்கே நிறைய உளர். நகைத்துவிட்டு, 'அசலான' சிச்சுவான் உணவையும் சியான் உணவையும் தேடி நியூயோர்க்கின் பிளஷிங் போன்ற பகுதிகளுக்கு யாத்திரை செல்வதும் அவர்களது வழக்கம்.

ஆயின், அந்தப் போலி ஏன் தோன்றிற்று என்ற வினாவை அவர்கள் அதிகம் எழுப்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொன் அகழவும் இருப்புப்பாதை அமைக்கவும் சென்ற சீனருட் பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தின் முத்தாற்றுக் கழிமுகப் பகுதியினர். அவருள்ளும் தைஷான் என்னும் சிறு நிலப்பரப்பைச் சேர்ந்தோர் மிகப்பலர். பாதை 1869 இல் முடிந்தது. 1882 இல் சீனத் தொழிலாளரை உள்ளே விடாத விலக்குச் சட்டம் வந்தது. வணிகர்க்கு அதில் விலக்கு இருந்தது. உணவக உரிமையாளரையும் வணிகராகக் கொள்ளலாம் என 1915 இல் நீதிமன்றம் ஒன்று தீர்த்தபின், உணவகம் நடத்துவது ஊரிலிருந்து உறவினரை அழைத்துக்கொள்ளக் கிடைத்த வழியாயிற்று. உணவகங்கள் பெருகியதற்கு இதுவும் முக்கிய காரணம். விலக்குச் சட்டம் 1943 இல் நீக்கப்பட்டபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்ற அற்பத் தொகையே அனுமதிக்கப்பட்டது. கதவு உண்மையிலே திறந்தது 1965 இன் குடிவரவுச் சட்டத்தின் பின்னரே. ஆகவே, சட்டத்தின் இடுக்கிலே நுழைந்து உயிர்வாழ்ந்த ஒரு மாவட்டத்து மக்கள், தம்மை வெறுத்தவர்களின் நாவுக்கு ஏற்ப ஆக்கிய உணவே உலகுக்குச் 'சீன உணவு' ஆயிற்று. சிச்சுவானும் ஷாங்சியும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அப்பெயருக்குள் மறைந்து கிடந்தன.

இதிலே நமக்குரிய பாடம் இரண்டு உண்டு. கலப்புணவை ஆக்கியவன் பண்பாட்டுத் துரோகியல்லன், பெரும்பாலும் வேறு வழியடைக்கப்பட்டவன் என்பது ஒன்று. ஒரு சிறு பகுதியின் பெயர் முழு நிலத்தின் பெயராகும்போது ஏனைய பகுதிகள் பெயரற்றுப் போகின்றன என்பது மற்றையது. இவ்விரண்டையும் வன்னி மண்ணிலே வைத்து நோக்குவோம்.

முதலிலே பிறைட் றைஸ். சீனர் நம் நாட்டிலே மிகச் சிறு தொகையினர். துணிமூட்டையைச் சைக்கிளிலே கட்டி ஊரூராய் விற்ற சீனரையும், சீனப் பல்வைத்தியரையும் மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர். நம்மூர்ப் பேக்கரிகளிலே விற்கும் 'சைனீஸ் றோல்ஸ்' அவர்கள் கொணர்ந்ததன்று. மாவைத் தோசைபோல் ஊற்றி, உருளைக்கிழங்கும் மீனும் வைத்துச் சுருட்டி, றஸ்குத் தூளிலே புரட்டிப் பொரிக்கும் அப்பண்டம் முற்றிலும் இலங்கையருடையது. கொழும்புச் 'சைனீஸ்' உணவகத்தின் கணவாய்ப் பொரியலும் அவ்வாறே. அமெரிக்காவிலே சீனர் அமெரிக்கருக்காகச் சீன உணவை மாற்றினர். இங்கே சீனர் இன்றியே நாம் ஒரு சீன உணவை உண்டாக்கிக்கொண்டோம். கிளிநொச்சியிலே அந்தச் சோற்றைக் கிளறும் இளைஞன் சீனத்தையும் காணவில்லை, கொழும்பைக்கூடச் சரியாகக் கண்டிரான். சில மாதம் ஒரு கடையிலே நின்று பழகிய கைத்தொழில் அது.

அவனை யார் பழிக்கின்றனர்? 2009 இன் பின் இந்நிலத்திற்கு மீண்டவர்கள் வெறும் நிலத்திற்கே மீண்டனர். வீடில்லை, மாடில்லை, விதைநெல் இல்லை, பல குடும்பங்களிலே உழுவதற்கு ஆணும் இல்லை. அத்தகைய இடத்திலே ஓர் எரிவாயு அடுப்பும் இரும்புத் தாச்சியும் ஒரு மூடை சம்பா அரிசியும் கடனுக்கு வாங்கிக் கடை திறப்பது ஒருவன் கண்ட வழி. அவனது வாடிக்கையாளர் யார்? விடியுமுன்னர் பேருந்தேறி ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் பெண். வீதி வேலைக்கு வந்த கூலியாள். விடுதியிலே தங்கியிருக்கும் மாணவன். 'அம்மாவின் கைச்சோறு' என்று மேடையிலே உருகுவோர், அந்த அம்மா இன்று தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறாள் என்பதை மறந்துவிடுகின்றனர். அரிசியை ஊறவைத்து, உரலிலிடித்து, அரித்து, வறுத்து, குழைத்து, அவித்துப் பிட்டாக்குவதற்கு ஏறத்தாழ அரைநாட் பெண்ணுழைப்பு வேண்டும். மரபைப் பேணுக என்பவர் தாம் உலக்கை பிடிக்கப்போவதாகச் சொல்வதில்லை!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே சாதியின் பெயரால் ஒரு சாராருக்கு ஆசனமும் குவளையும் மறுக்கப்பட்ட காலம் தொலைவிலுள்ளதன்று. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைப் பிரவேசத்திற்காகப் போராட்டங்கள் நடந்தன, இரத்தமும் சிந்தப்பட்டது. மரபுவழி உணவு என்பது உணவு மட்டுமன்று, யார் சமைத்தால் யார் உண்பர், யார் எங்கே இருந்து உண்பர் என்ற விதிகளின் தொகுதியுமாகும். பிளாஸ்ரிக் கதிரையிட்ட கொத்துரொட்டிக் கடைக்கு அத்தகைய நினைவு இல்லை. பணங் கொடுத்தவன் அமர்ந்து உண்கிறான். பழைய சமையலை மீட்க விழைவோர் அந்தப் பழைய பந்தி வரிசையையும் மீட்பரோ என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இனி இரண்டாவது பலகைக்கு வருவோம். 'யாழ்ப்பாணச் சமையல்' என்பது இன்று கொழும்பிலும் ஸ்காபரோவிலும் இலண்டனிலும் பாரிஸின் லா சப்பலிலும் விலைபோகும் பெயர். 1983 இன் பின் புலம்பெயர்ந்தோர் அந்நகரங்களிலே நடத்திய கடைகள் தைஷான் மக்களின் கடைகளுக்கு ஒப்பானவை. பிறர் சமையலறைகளிலே பாத்திரம் கழுவியவர்கள் பின்னர் தமக்கென ஓர் அடுப்பை மூட்டினர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. குறை, வட மாகாணத் தமிழர் உணவு முழுவதற்கும் அந்த ஒரு பெயரே போதும் என நாம் கருதுவதிலேதான் உள்ளது. இரணைமடு நீரில் விளைந்த நெல்லும், முல்லைத்தீவுக் கரையிலே பிடித்த மீனும், நந்திக்கடல் இறாலும், மாங்குளத்துக் காட்டுத் தேனும் ஆனையிறவைக் கடந்ததும் யாழ்ப்பாணத்தனவாகி, பெயர் மாறி, ஏ9 வீதி வழியே மீண்டும் வன்னிக்கு விற்பனைக்கு வருகின்றன. விளைவித்தவன் தன் பொருளையே அயற்பெயரில் வாங்கி உண்கிறான்.

இந்நிலை தற்செயலானதன்று. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை வெளியிட்ட காலத்திலேயே இது காய்ச்சலும் காடும் மண்டி மக்கள் குறைந்த நிலமாகவே அரசினராற் கருதப்பட்டது. பின்னர் இரணைமடுத் திட்டமும் குடியேற்றங்களும் வந்தன. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இம்மண்ணின் மிளகாய் நாடெங்கும் தேவைப்பட்டது. இக்கட்டங்கள் அனைத்திலும் வன்னி, விளைவிக்கும் நிலமாகவே கொள்ளப்பட்டது. உண்ணும் நிலமாக, சுவையறிந்த நிலமாகக் கொள்ளப்படவில்லை. கிளிநொச்சிக்குத் தனி மாவட்டம் என்ற தகுதியே 1984 இலேதான் கிடைத்தது. இலக்கியத்திலே 'மண்வாசனை' பேசப்பட்ட காலத்தில் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வந்து, வன்னிக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை வாசகருக்கு உணர்த்திற்று. உணவிலே அந்த 'நிலக்கிளி' இன்னும் எழுதப்படவில்லை.

வன்னியின் உணவு யாது? தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் தெய்வத்தை அடுத்து உணாவை வைத்தது. நிலம் எதுவோ உணவும் அதுவே என்பது அவ்வைப்பின் உட்பொருள். வன்னியோ முல்லையும் மருதமும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் நிலம். குளத்தின் கீழே வயல். குளத்தின் மேலே காடு. காட்டின் ஓரத்திலே சேனை. சில மைல் கிழக்கே கடல். சேனையிலே குரக்கன், சாமை, சோளன், உழுந்து, பயறு, எள். வயலிலே மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்கள். மேய்ச்சற்றரையின் பசுவும் எருமையும் தந்த பாலும் முட்டித் தயிரும். வைகாசியை ஒட்டிய வெப்பகாலத்திலே பாலைப்பழம். அதன் பால் உதட்டிலே ஒட்டுமளவு தின்றவர்க்கே அதன் அருமை தெரியும். வெயிலிலே வற்றவைத்த இறைச்சி. குளத்து விராலும் குறவையும். அறுவடை முடிந்ததும் களத்திலே பொங்கும் புக்கை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியிலே பொங்கும் பொங்கலிலே ஊர்கள் பல ஒன்றுகூடுவது இன்றும் நாம் காண்பது. இப்பட்டியலைப் பார்க்கும் எவரும், தென்னையும் பனையும் தோட்டக் கிணறும் ஆளும் குடாநாட்டுச் சமையலினின்று இது வேறானது என்பதைக் கூறாமலே உணர்வர்.

ஆயின் இந்தப் பட்டியலையே 'அசல் வன்னி' என்று கண்ணாடிப் பெட்டியில் வைப்போமாயின், யாழ்ப்பாணப் பலகைக்கு எதிராக நாம் இன்னொரு பொய்ப்பலகையை நாட்டியவர்களாவோம். 1958 இலும் 1977 இலும் இன்னும் பல வேளைகளிலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினர். பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் தட்டும் ரொட்டியும் அரைக்கும் சம்பலும் வன்னியின் உணவன்றோ? தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறைகளாக வாழ்ந்து, 1990 ஒக்ரோபரிலே விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் அடுப்பு எந்தப் பட்டியலிலே இடம்பெறும்? 'அசல்' தேடுவோர் அவர்களைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. வவுனியாவின் தெற்கே சிங்களக் கிராமங்களும் உள்ளன. குரக்கனையும் குளத்து மீனையும் அவர்களும் நம்மைப்போலவே உண்கின்றனர்.

தூய்மை என்பதும் வெறும் மாயையே. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தின. ஐரோப்பியக் கப்பல்கள் பரப்பியவை. வன்னிக் குளத்தின் சுவையென்று நாம் விரும்பியுண்ணும் திலாப்பியா ஆபிரிக்க மீன்; 1952 இலேதான் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே பர்மாவின் அரிசி வருகை அற்றபோது கோதுமை மா பங்கீட்டிலே புகுந்தது. 1980 இல் திருகோணமலையிலே பேராலை இயங்கத் தொடங்கியபின் அது ஊன்றிவிட்டது. இன்று கோதுமை மாப் பிட்டையும் 'பாரம்பரியம்' என்போர் உளர். மேலும், இன்று விருந்தினருக்கு மண்சட்டியிலே படைக்கப்படும் பழங்கஞ்சியும் மரவள்ளிக் கிழங்கும் நேற்றுவரை ஏழையின் உணவு. அவற்றை உண்டவன் அதை மறைத்தே உண்டான். செல்வர் மேசைக்கு ஏறியபின்னரே அவை பண்பாடாயின.

'எல்லாம் கலப்புத்தான்; எனவே தேடுவதற்கு ஒன்றுமில்லை, பிறைட் றைஸும் ஒன்றே குரக்கன் பிட்டும் ஒன்றே' என்று அறிஞர் சிலர் இவ்விடத்திலே புன்னகைப்பர். அப்புன்னகையும் ஏற்புடையதன்று. திலாப்பியா குளத்திலே பெருகிற்று; மிளகாய் இம்மண்ணிலே வேரூன்றி உழவனுக்கு வாழ்வளித்தது. கோதுமையோ இங்கே விளைவதில்லை. அதன் விலை வேறெங்கோ தீர்மானிக்கப்படுகின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே பாணின் விலையும் எரிவாயுவின் விலையும் ஏறியபோது இந்த வேறுபாடு என்னவென்பது கிளிநொச்சியின் ஒவ்வொரு கடைக்காரனுக்கும் விளங்கிற்று. எங்கிருந்து வந்தது என்பதை விட, இன்று யார் கையில் உள்ளது என்பதே கேட்கத்தக்க வினா.

அவ்வாறு கேட்டால் நாம் சமையலறையை விட்டு வெளியேறி நிலத்திற்கு வந்துவிடுகிறோம். உழுந்தும் எள்ளும் விளைந்த மேட்டுக்காணியிலே எவ்வளவு வனப்பகுதியென்றும் சரணாலயமென்றும் எல்லைக்கல் இடப்பட்டுள்ளது? மேய்ச்சற்றரையின்றி முட்டித் தயிர் எங்கிருந்து வரும்? போரின் பின் படையினர் வன்னியிலே பண்ணைகளை நடத்தினர். ஏ9 ஓரத்திலே சிற்றுண்டிச்சாலைகளையும் நடத்தினர். தெற்கிலிருந்து வந்த பயணிகள் பலர் வன்னியிலே அருந்திய முதல் தேநீர் அவர்கள் ஊற்றியதே. காணியிழந்தவன் அதன் அருகிலே தன் தேநீர்க்கடையைத் திறந்து போட்டியிட வேண்டியவனானான். 2017 இலே கேப்பாப்புலவு மக்கள் தம் காணியைக் கேட்டு முகாம் வாசலிலே கூடாரமிட்டு இருந்தனர். ஒரு பகுதி அவ்வாண்டே விடுவிக்கப்பட்டது, எஞ்சியதற்காகப் போராட்டம் நீண்டது. கிணறும் தென்னையும் மாமரமும் வேலிக்கப்பால் தெரிய, நிவாரண அரிசியை உண்டவர்களிடம் சென்று 'உங்கள் பாரம்பரிய உணவு யாது?' என்று குறிப்பேடு நீட்டுவதை ஆராய்ச்சி என்று கூற நான் துணியேன்.

வடக்கின் மாவட்டங்களிலே மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டிலே பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்கள் ஒரு நல்ல தொடக்கம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சமைத்தவரின் கைக்கே பணம் செல்கிறது. விலையும் எளியவர்க்கு எட்டுகிறது. ஆயினும் திருநெல்வேலியிலே உண்டதையே வவுனியாவிலும் உண்ணும் நிலையே பெரும்பாலும் காணப்படுகிறது. அந்தந்த ஊரின் தானியத்தையும் மீனையும் கீரையையும் அவ்வப் பருவத்திற்கேற்ப வாங்கிச் சமைக்கும் உரிமையும் முதலும் அப்பெண்களுக்கு வழங்கப்பட்டாலன்றி, அதுவும் காலப்போக்கிலே ஒரு பலகையாகிவிடும்.

கஞ்சியைப் பற்றிப் பேசாமல் வன்னியின் உணவைப் பற்றிப் பேச இயலாது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களிலே, புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய நிலத்திலே, வரிசையில் நின்று மக்கள் பெற்ற அரிசிக்கஞ்சியிலே தேங்காய்ப்பால் இல்லை, பயறு இல்லை, பல வேளைகளிலே உப்பும் இல்லை. அந்த வரிசைகளிலும் எறிகணை வீழ்ந்தது. அண்மை ஆண்டுகளில் மே மாதந்தோறும் அதே கஞ்சி வடக்கு கிழக்கெங்கும் காய்ச்சி வழங்கப்படுகின்றது. 2024 இல் சம்பூரிலே அதனை வழங்கியமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதாயினர். எந்தச் சமையல் நூலிலும் செய்முறை தேவைப்படாத உணவு அது. ஏ9 ஓரத்து 'அசல்' உணவகம் எதுவும் அதனைத் தன் பட்டியலிலே சேர்க்கத் துணியாது. சேர்க்கவும் வேண்டாம், அது விற்பனைக்குரியதன்று.

நம் பல்கலைக்கழகங்கள் இவ்விடயத்திலே செய்தது யாது? கிளிநொச்சி அறிவியல்நகரிலே விவசாய பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். உணவின் பெயரால் விழாவெடுக்கும்போது நாமும் மண்சட்டியும் வாழையிலையும் வாடகைக்கு எடுத்து, ஒருநாட் பந்தலிலே கூழ் வார்த்து, மறுநாள் சிற்றுண்டிச்சாலையிலே எங்கிருந்தோ வந்த அரிசியில் ஆக்கிய பிறைட் றைஸை உண்கிறோம். பிறைட் றைஸ் உண்பதை நான் குறைகூறவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். அந்த அரிசி யாருடையது என்றே கேட்கிறேன். பல்கலைக்கழக வாசலிலிருந்து பார்க்குந் தொலைவிலே அறுவடையாகும் நெல், களத்திலேயே வந்த விலைக்கு இடைத்தரகர் கைக்குப் போகின்றது. அவ்வுழவனின் பிள்ளை நம் விரிவுரை மண்டபத்திலே அமர்ந்திருக்கிறான்.

ஆகவே தமிழ்ச் சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். அடுத்த ஆண்டு உணவுவிழா வேண்டாம். அதற்குச் செலவாகும் பணத்திலே, ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் துணுக்காயிலும் முதியோர் நாவிலே இன்னும் எஞ்சியுள்ள நெல்லினப் பெயர்கள், மீன்பெயர்கள், காட்டுப்பழங்களின் பெயர்கள், சமையற் சொற்கள் ஆகியவற்றைத் தமிழ்த்துறை மாணவரும் விவசாய பீட மாணவரும் சேர்ந்து தொகுக்கட்டும். பாரதிபுரத்தையும் நீராவிப்பிட்டியையும் விட்டுவிடாது தொகுக்கட்டும். இது முதலாவது. சிற்றுண்டிச்சாலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, அரிசியும் உழுந்தும் தயிரும் மீனும் இம்மாவட்டங்களின் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தே வாங்கப்படவேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்க்குமாறு மாணவர் ஒன்றியம் நிர்வாகத்தை வற்புறுத்தட்டும். இது இரண்டாவது. அந்த அரிசியிலே சிற்றுண்டிச்சாலைக்காரர் பிட்டு அவித்தாலும் சரி, சொப்சி கிளறினாலும் சரி, அது அவர் விருப்பம்.